நெய்தவன் ஒருவன்! பெயரிட்டவன் வேறொருவன்!

ஒரு பொருளுக்குப் பெயரிடும் உரிமை எவன் கையில் இருக்கின்றதோ, அவன் கைக்கே அப்பொருளுக்கு விலையிடும் உரிமையும் போய்ச் சேரும். இதனைத் தனித்தமிழ் பேசுவோரின் வெற்றுப் புலம்பல் என்று எள்ளுவோர் நம் நாட்டில் மிகப் பலர். "எப்பெயரால் அழைத்தால் என்ன, துணி துணிதானே!" என்பது அவர்களின் வாய்ப்பாடு. அவர்களுக்கு விடையிறுக்க நாம் இலக்கணப் பொத்தகங்களைச் சுமந்துவர வேண்டுவதில்லை. ஒரு முழத் துணியே போதும்.

சென்ற பொங்கலுக்கு முன்னர்ச் சென்னையில் ஒரு பெருந் துணிக்கடையின் வாயிலில் ஆளுயரப் பலகையொன்றைக் கண்டேன். 'இக்கத் மேளா' என்று தமிழெழுத்தில் எழுதியிருந்தனர். அவ்விரு சொற்களுள் ஒன்றேனும் தமிழில்லை. உள்ளே சென்றேன். விற்பனையில் நின்ற பெண்மகள் புடவைகளை அடுக்கடுக்காக விரித்துக் காட்டினாள். "எல்லாம் கைத்தறிங்க ஐயா, மூலிகைச் சாயம்" என்றாள். ஒரு புடவையின் முந்தானையைத் திருப்பிப் பார்த்தேன். மேற்புறத்தில் அடர்சிவப்பாக இருந்த பூ, அடிப்புறத்தில் வெளிறிக் கிடந்தது. "இது எவ்வூர்த் தறி அம்மா?" என்றேன். "தெரியலீங்க ஐயா, சரக்கு வடக்கேயிருந்து வருது" என்றாள். அவள்மேல் எனக்குச் சினம் இல்லை. நாள் முழுதும் நிற்க வைத்தே வேலை வாங்கிய கடைகளுக்காக, பணியாளர்க்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தனியே ஒரு சட்டத் திருத்தமே இயற்ற வேண்டியிருந்த நாடு இது. அந்தப் பெண்ணுக்குத் துணியின் பிறப்பைக் கற்பிக்கவா முதலாளிக்குப் பொழுது இருக்கின்றது?

அவள் காட்டியது அச்சிட்ட துணி. பலகையிற் கண்ட பெயரோ கட்டி நெய்யும் துணிக்கு உரியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதார்க்காகச் சற்றே விரித்துரைக்கின்றேன்.

நெய்து முடித்த துணியின்மேல் அச்சிடுவது ஒரு கலை. நெய்த துணியை முடிந்து சாயத்தில் தோய்ப்பது மற்றொன்று. நம் மதுரைச் சுங்குடி அவ்வகையினது. கட்டுநெசவோ இவ்விரண்டினும் வேறானது. இதில், தறியேறுவதற்கு முன்னரே நூல் கட்டப்படுகின்றது. நூலைச் சட்டத்தில் இழுத்து நிறுத்தி, நெய்தபின் எவ்விடத்தில் எந்நிறம் விழவேண்டும் என்று கணக்கிட்டுக் குறித்து, சாயம் ஏறக்கூடாத இடங்களை இறுகக் கட்டுவர். தோய்ப்பர், உலர்த்துவர், அவிழ்ப்பர். பின் வேறிடத்திற் கட்டி அடுத்த நிறத்தில் தோய்ப்பர். நிறந்தோறும் ஒரு கட்டு, ஓர் அவிழ்ப்பு. பாவை மட்டும் கட்டுவது உண்டு. ஊடையை மட்டும் கட்டுவதும் உண்டு. இரண்டையும் கட்டி, பாவின் சிவப்பின்மேல் ஊடையின் சிவப்பு பிசகாமல் வந்தமரும்படி நெய்வது இரட்டைக் கட்டு. அதனை இன்றும் நெய்யும் இடங்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவை. குசராத்தின் பாட்டன் நகரில் பட்டோலாப் புடவை ஒன்றுக்கு ஆறு திங்கள் வரை ஆகின்றது. பாலித் தீவின் தெங்கனான் என்னும் சிற்றூரில் ஒரு துணி முழுமையுற ஆண்டுகள் ஆவதும் உண்டு. இவ்வகைத் துணிக்கு உட்புறம் வெளிப்புறம் இல்லை. நூலிலேயே நிறம் இருத்தலால் இருபுறமும் ஒன்றே. நிறங்கள் கூடுமிடத்தில் ஓரம் சற்றே கலங்கித் தோன்றும். இன்றைய அச்சுப்பொறி அக்கலக்கத்தையும் படியெடுத்து அடிக்கின்றது. படியெடுக்க முடியாதது அடிப்புறம் ஒன்றுதான்.

இனிப் பெயருக்கு வருவோம். 'இகட்' என்பது மலாய்ச் சொல். கட்டுதல், பிணைத்தல் என்பது அதன் பொருள். இந்தோனேசியத் தீவுகளை ஆண்ட ஆலந்தர் வாயிலாக அஃது ஐரோப்பிய நூல்களில் ஏறிற்று. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்திலிருந்து தில்லிக்கும் மும்பைக்கும் வந்து, இன்று சென்னைத் துணிக்கடைப் பலகையில் 'இக்கத்' என்று தொங்குகின்றது. 'இக்கட்டு' என்று எழுதியிருந்தாலாவது நெசவாளன் நிலைமைக்குப் பொருந்தியிருக்கும்!

நம் அன்பருள் சிலர் உடனே, "கட்டு என்னும் தமிழ்ச்சொல்லே இகட் ஆயிற்று" என்று எழுதத் தொடங்குவர். வேண்டா! ஒலியும் பொருளும் ஒத்திருப்பதால் மட்டும் பிறப்பு ஒன்றாகிவிடாது. சான்றில்லாமல் உரிமை கொண்டாடுவது வடமொழியாளர் நமக்குச் செய்தது. அதனை நாம் மலாய்க்காரர்க்குச் செய்தல் தகாது. நாம் மலாய்க்குக் கொடுத்தவை ஐயத்திற்கு இடமின்றி இருக்கின்றன: கப்பல், கடை, பெட்டி. 1088-ஆம் ஆண்டிலேயே சுமத்திராவின் பாருசில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் தமிழில் கல்வெட்டுப் பொறித்து வைத்தனர். கப்பலும் கடையும் நாம் கொடுத்தோம் என்றால், அக்கடலில் வணிகம் செய்தோர் நாம் என்பது பொருள். வணிகம் செய்தவன் சொல் பரவும். வணிகத்தை இழந்தவன் வாயில் பிறன் சொல் நுழையும். இதுவே நான் சொல்லவந்தது.

தெலுங்கு நிலத்தைப் பாருங்கள். 1953 வரை பழைய சென்னை மாநிலத்தில் இருந்த கடற்கரை நெசவூர் சீராலா. அங்கே இரட்டைக் கட்டில் நெய்த சதுரத் துணி ஒன்று உலகப் புகழ் பெற்றது. சிவப்பு, கருமை, வெண்மை ஆகிய மூன்றே நிறங்கள். நூலை ஆமணக்குக் காய்த்தோட்டின் சாம்பல் நீரும் எண்ணெயும் கலந்த கலவையில் நாள்தோறும் தோய்த்துப் பிசைந்து உலர்த்துவர். இரண்டு கிழமைக்கும் மேலாக இவ்வேலை நடைபெறும். எண்ணெய் குடித்த நூல்தான் சிவப்பை உள்வாங்கி விடாது பிடிக்கும். அத்துணியை வெயிலில் தலையில் கட்டினால் குளிர்ச்சி. மீனவர் அரையிற் கட்டினர், ஆயர் தலையிற் கட்டினர். அரபு நாட்டுக்கும் ஏடனுக்கும் பருமாவுக்கும் கப்பலேறிற்று. ஐதராபாத்து நிசாமின் அரண்மனைப் பெண்டிர் மேலாடையாகப் போர்த்தினர். பின்னாளில், வானூர்தியையும் மணிப்பொறியையும் கூடக் கட்டிலேயே கொண்டுவந்தனர் அக்கைவினைஞர்.

அதன் பெயர் என்ன தெரியுமா? 'தேலியா உருமால்'. தேல் என்பது இந்திச் சொல். உருமால் பாரசீகச் சொல். எண்ணெய்க்குத் தெலுங்கில் 'நூனெ' என்ற நல்ல சொல் இருக்கின்றது. நம் 'நெய்'க்கு உடன்பிறந்த சொல். நூல் நூற்றவன் தெலுங்கன், கட்டியவள் தெலுங்கச்சி, நெய்தவன் தெலுங்கன். துணியின் பெயரில் மட்டும் தெலுங்கு இல்லை! கடல்கடந்த சந்தையிலோ அதற்கு 'ஆசியா உருமால்' என்று பெயர். வாங்கிய வணிகன் தன் நாவுக்கு வாய்த்தபடி பெயரிட்டான். நெய்தவன் தன் துணிக்கே அப்பெயரைக் கற்றுக்கொண்டான். கட்டும் முறைக்குத் தெலுங்கு நெசவாளரிடம் 'சிட்கி' என்ற சொல் உண்டு. எந்தக் கடைப் பலகையிலாவது அதைக் கண்டீர்களா?

நம் கதை மட்டும் வேறா? புதுச்சேரியில் நம்மவர் அவுரியில் தோய்த்த நீலத் துணியைப் பிரெஞ்சு வணிகர் ஆப்பிரிக்காவின் செனகலுக்குக் கொண்டுசென்று பிசினுக்கு மாற்றினர். அத்துணிக்கு அவர்கள் இட்ட பெயர் 'கினி'. ஆப்பிரிக்கக் கடற்கரையின் பெயர்! தோய்த்தவன் கை நீலமாக இருந்தது. துணியின் பெயரில் அவனும் இல்லை, அவன் ஊரும் இல்லை.

இந்தப் பெயர்ச் சூழ்ச்சி இன்று எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைக் கூர்ந்து நோக்குக. போச்சம்பள்ளிக் கட்டுநெசவு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. சீராலாவின் கலை சென்று குடியேறிய, தெலங்கானத்துப் புட்டபாக்கம் தன் எண்ணெய் உருமாலுக்கு 2020-இல் குறியீடு பெற்றது. நல்லது. ஆனால், சூரத்திலோ வேறெங்கோ உள்ள ஆலைமுதலாளி 'போச்சம்பள்ளி' என்று எழுதினால்தானே அவன்மேல் வழக்கு? அவன் 'இக்கத்' என்று எழுதுகின்றான். அஃது எவ்வூருக்கும் உரியதன்று, எம்மக்களுக்கும் உரியதன்று, ஆகவே எவனும் கேட்க முடியாது. உடையவனில்லாப் பெயர் ஒன்றை மேலே போர்த்திவிட்டால், உடையவனுள்ள பொருளை அடியிலிருந்து உருவிவிடலாம். ஒடியா மக்களோ தம் துணியைப் 'பந்தா' என்றே வழங்குகின்றனர். 'சம்பல்புரிப் பந்தா' என்றால் அவ்வூரைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வாராது. தெங்கனான் மக்களும் தம் துணியைக் 'கெரிங்சிங்' என்றே சொல்கின்றனர். 'இகட்' என்ற சொல் பிறந்த தீவுக் கூட்டத்திலேயே, நெய்தவர் தம் துணிக்குத் தம் பெயரையே வைத்துள்ளனர். பொதுப்பெயர் சந்தைக்கு, தனிப்பெயர் தமக்கு! நாமோ பிறன் பொதுப்பெயரை வாங்கி நம் தலையில் கட்டிக்கொண்டோம்.

சாயத்தைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. சீராலாத் துணியின் பழைய சிவப்பு எங்கிருந்து வந்தது? சாயவேரிலிருந்து. இம்பூறல் என்றும் நாம் வழங்கும் சிறு செடி. சோழமண்டலக் கடற்கரை மணலிலும், கிருட்டிணை ஆற்றின் கழிமுகத்திலும், இராமேசுவரத் தீவிலும், யாழ்ப்பாணம் மன்னார்ப் பகுதிகளிலும் வளர்ந்தது. சாணளவே உயரும், ஆனால் வேர் மணலுக்குள் ஆழச் செல்லும். அவ்வேரின் பட்டையில்தான் சிவப்பு. ஆங்கிலேயர் கணக்கேடுகளில் 'சே' என்றும் 'சாயா' என்றும் எழுதப்பட்டது இவ்வேரே. நம் 'சாயம்' அவர்கள் எழுத்தில் ஏறிய காலம் அது. வேர் நம் மண்ணில் இருந்ததால், பெயரும் நம்முடையதாக இருந்தது!

1868-இல் செருமானியர் கிரேபேயும் இலீபர்மானும் 'அலிசரின்' என்னும் சிவப்பைக் கரித்தாரிலிருந்து ஆய்வகத்தில் செய்துகாட்டினர். நம் சாயவேரின் சிவப்பிலும் அதே அலிசரின்தான் இருக்கின்றது. எனவே அவர்கள் செய்தது போலி என்று சொல்வது அறிவுடைமையாகாது. அதே பொருளை வேரின்றிச் செய்தனர். விலை விழுந்தது. வேர் தோண்டியவன் கைவிட்டான், பயிரிட்டவன் கைவிட்டான், சீராலாவே அலிசரினுக்கு மாறிற்று. அவுரிக்கும் அதே முடிவு. 1897-இல் செருமானியக் குழும்பு செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டில் உலகில் ஏறத்தாழ 19,000 தொன் இருந்த செடிநீலம், 1914-இல் ஏறத்தாழ 1,000 தொன்னாகச் சுருங்கிற்று. பதினேழே ஆண்டுகள்!

இயற்கைச் சாயம் என்றவுடன் பழங்காலமெல்லாம் தேனும் பாலும் என்று உருகுவோர் நம்மிடையே பலர் முளைத்துள்ளனர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் வணிகத்தை ஆலந்தர் தமக்கே உரிய தனியுரிமையாக்கி வேர் தோண்டுவோரை வருத்தினர். வங்கத்தில் அவுரித் தோட்டத் துரைமாரின் கொடுமை தாங்காது 1859-இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர்; சம்பாரணில் 1917-இலும் அதே அவுரிதான் உழவர் கழுத்தை நெரித்தது. சாயம் செடியிலிருந்து வந்ததா, தாரிலிருந்து வந்ததா என்பது முதல் வினாவன்று. அச்சாயத்தின்மேல் ஆட்சி எவனுக்கு என்பதே முதல் வினா. ஆனால், ஆலைச் சாயம் மலிவு என்போர்க்கு ஒன்று சொல்வேன். நொய்யலாற்றுக் கரைக்குச் சென்று பாருங்கள். 2011 சனவரியில் சென்னை உயர்நயன்மன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி ஆணையிடும் அளவுக்கு அவ்வாற்றைக் கெடுத்தோம். ஒரத்துப்பாளையம் அணை நீரால் பாழ்பட்ட வயல்களின் விலையை எந்தத் துணியின் விலைச்சீட்டில் எழுதினார்கள்?

இனித் தில்லியின் திருவிளையாடல். கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கி 1985-இல் சட்டம் செய்தனர். இருபத்திரண்டாக இருந்த அப்பட்டியல் பின்னர்ப் பதினொன்றாகச் சுருக்கப்பட்டது. கைத்தறிக்கு உணவு சிட்ட நூல். ஆலைகள் தாம் கட்டும் நூலில் இவ்வளவு விழுக்காடு சிட்டமாகத் தரவேண்டும் என்ற கடப்பாடு ஐம்பதிலிருந்து நாற்பதாக, நாற்பதிலிருந்து 2019-இல் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 2017-இல் வந்த சரக்கு, பணி வரி கைத்தறித் துணியையும் வளைத்துக்கொண்டது. 2020-இல், நோய்ப்பரவலில் தறிகள் ஓய்ந்துகிடந்த அதே வேளையில், அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தனர். ஆகத்து 7-ஆம் நாளைக் கைத்தறி நாளென்று 2015 முதல் கொண்டாட மட்டும் மறப்பதில்லை! விளைவு என்ன? அவர்கள் எடுத்த கணக்கே கூறுகின்றது. 1995-இல் 65 இலக்கத்துக்கும் மேலாக இருந்த கைத்தறித் தொழிலாளர், 2009-10-இல் 43 இலக்கமாயினர். 2019-20-இல் 35 இலக்கமாயினர். அவர்களுள்ளும் மூன்றில் இருபங்குக் குடும்பங்கள் திங்களுக்கு 5,000 உருபாவுக்கும் குறைவாகவே ஈட்டின. துணிக்கடையில் ஒரு 'இக்கத்' அச்சுப் புடவையின் விலையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதே சீராலா 1921-இல் செய்தது நினைவுக்கு வருகின்றது. வெள்ளையன் அரசு நகராட்சியைத் திணித்து வரியை ஏற்றியபோது, துக்கிராலா கோபாலகிருட்டிணையாவின் தலைமையில் அந்நெசவூர் மக்களுள் பெரும்பாலோர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசைபோட்டுத் திங்கட்கணக்கில் வாழ்ந்தனர். வரிகொடுக்க ஊரில் ஆளே இல்லை! அத்தகைய நெஞ்சுரம் படைத்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று சூரத்து அச்சுத்துணியோடு விலைபோட்டி இடவேண்டிய நிலையில் நிறுத்தப்பட்டுள்ளனர்.

தெலுங்கர் துணிக்குத் தமிழன் ஏன் கண்ணீர் விடவேண்டும் என்று கேட்பீர்களாயின், விடை நேரானது. அவர்கள் தறி வீழ்ந்த வழியில்தான் நம் தறியும் வீழ்கின்றது. மேலும், அச்சிவப்பின் வேரில் நம் மணலும் ஒட்டியிருந்தது. அவர்களுடைய கலையை நம்முடையது என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். நம்முடையது வேர், அதன் பெயர், அதைத் தோண்டும் அறிவு. அதையும் நாமே இழந்தோம் என்பதுதான் நம் குற்றம். பாலித் தீவின் தெங்கனான் மக்கள் தம் துணிக்குச் சிவப்பேற்றுவது எதனால்? நுணா இனத்து மரவேரால். நம் புன்செய்க் கரைகளில் எவரும் நடாமல், எவரும் நீரூற்றாமல் நிற்கின்றதே மஞ்சணத்தி, அதுவும் அவ்வினத்ததே! அவர்கள் அவ்வேரால் தம் பெயரைக் காக்கின்றனர். நம் பிள்ளைகள் அதன் பழத்தைத் தின்றுவிட்டு மரத்தை அடுப்புக்கு வெட்டுகின்றனர்.

நம்மவர்க்கும் ஒரு சொல். 'இக்கத்' என்பதை அடித்துவிட்டுக் 'கட்டுநெசவு' என்று எழுதினால் கடமை முடிந்தது என்று எவரும் எண்ணவேண்டா. மேடையில் கட்டுநெசவு என்று முழங்கிவிட்டு, நெகிழியிழைச் சட்டையோடு வீடு திரும்பும் தனித்தமிழரை நான் அறிவேன். நானும் சில காலம் அவ்வாறே திரிந்தேன். பொதுச்சொல் தமிழில் இருக்கட்டும்: கட்டுநெசவு, இரட்டைக் கட்டு, பாவுக் கட்டு, ஊடைக் கட்டு. ஆனால், ஊர்ப்பெயரும் மக்களிட்ட பெயரும் அவரவர் மொழியிலேயே நிற்கட்டும்: சம்பல்புரிப் பந்தா, பாட்டன் பட்டோலா, தெங்கனான் கெரிங்சிங். பிறர் பெயரை அழித்துத் தமிழ்ப்பெயர் சூட்டுவது தூய்மையன்று. அதுவும் ஒரு திணிப்பே.

தமிழ்நாட்டரசைக் கேட்பதற்கும் இரண்டு உண்டு. இங்கு விற்கும் துணி ஒவ்வொன்றின் சீட்டிலும், கைத்தறியா விசைத்தறியா அச்சா, நெய்த ஊர் எது, சாயம் எது என்பதைத் தமிழில் எழுதச்செய்தல் வேண்டும். திண்டிவனத்தைச் சூழ்ந்த ஊர்களில் அவுரி இன்றும் பயிராகின்றது. அதன் சாயம் பெரும்பாலும் அயல்நாடுகளுக்கே போகின்றது. அதில் ஒரு பகுதியை நம் தறிகளுக்கு வாங்கித் தருவதும், கடற்கரை மாவட்டங்களில் சாயவேரை மீண்டும் பயிரிடச் செய்வதும் கோட்டையிலிருப்போர்க்கு இயலாத வேலையன்று.

அதுவரை, நீங்கள் கடைக்குப் போனால் முந்தானையைத் திருப்பிப் பாருங்கள். நானும் வரும் பொங்கலுக்கு அதே கடைக்குத்தான் போகவிருக்கின்றேன். அந்தப் பெண்மகள் அங்கேயே இருந்தால், உட்கார இருக்கை கிடைத்ததா என்று முதலில் கேட்பேன். அதன்பின் பழைய வினாவையே கேட்பேன்: "இது எவ்வூர்த் தறி, அம்மா?"